ஐந்து படிகளும் ஒரு சட்டி பெயிண்டும்

அவளை எல்லோரும் மூணு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள் போலிருக்கிறது என்று புதிதாகப் பழகுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அவளும் திருத்துவதில்லை. உண்மையில் அவள் அப்பா அம்மாவுக்கு ஒரே பெண். அந்தப் பெயர் பிறந்தது வீட்டில் அல்ல, மியூசியத்தில்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியை அங்கே அழைத்துப் போயிருந்தார். மேல்மாடியில் 'மனிதன் வந்த பாதை' என்று ஒரு கூடம். ஐந்து மரப்படிகள், படிக்கு ஓர் ஆளுயர பொம்மை. முதல் படியில் உடம்பெல்லாம் மயிரோடு, கையை ஊன்றிக் குந்தியிருப்பது. இரண்டாவது, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் பாதி நிமிர்ந்தது. மூன்றாவது நிமிர்ந்துவிட்டது, கையில் ஒரு கல், கொஞ்சம் திறந்த வாய். நான்காவதின் கையில் ஈட்டி. ஐந்தாம் படியில், எல்லோருக்கும் மேலே, மழித்த முகத்தோடு ஒருவன், தூரத்தில் தனக்கு மட்டும் ஏதோ நல்ல செய்தி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். படி ஏற ஏற நிறம் வெளுத்துக்கொண்டே போகும். முதலாவது கரி. ஐந்தாமவன் கோதுமை மாவு.

படம் எடுப்பதற்காக, "ஆளுக்கு ஒரு பொம்மை பக்கத்துல நில்லுங்க" என்றார் ஆசிரியை. பிள்ளைகள் இடித்துக்கொண்டு ஐந்தாம் படிக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். அப்போதுதான் ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், இவ மூணாவது டீச்சர்! அதே கலரு, அதே வாயி!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் சிரித்ததை அவள் மறந்திருப்பாள். பிள்ளைகள் எதற்குத்தான் சிரிக்கவில்லை. ஆனால் ஆசிரியை அதட்டுவார் என்று நம்பி அவள் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியை கையால் வாயைப் பொத்தியிருந்தார், கண் சிரித்துக்கொண்டிருந்தது. "சரி சரி, அங்கேயே நில்லு. படத்துல நல்லா இருக்கும்."

அன்றிலிருந்து அவள் மூணு. பள்ளி மாறினாலும் கூடப் படித்தவர்களில் ஒருத்தியாவது அங்கேயும் வந்து சேர்ந்துவிடுவாள். அவளோடு பெயரும் வந்துவிடும். கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனாள். அங்கே அந்தப் பெயரைக் கொண்டுவந்தவன் கட்டியவனே. பஸ் ஓட்டுபவன், நல்ல மனுஷன், கையை ஓங்கத் தெரியாதவன். அவளுடைய தோழி ஒருத்தி சொல்லிக் கேட்டு, "மூணு! நல்லாத்தானே இருக்கு. சின்னதா, வாய்க்குச் சுலபமா" என்று செல்லப் பெயராக்கிக்கொண்டான்.

அதே மியூசியத்தின் பின்கட்டில் இருக்கும் பட்டறையில் அவள் பெயிண்டராகச் சேர்ந்ததைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கும் வந்தது. சுவரெழுத்து எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த வேலை கணினிக்குப் போனபிறகு கிடைத்த வேலை இதுதான். பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு மூலையில் மூக்குடைந்த டால்ஃபின், இன்னொரு மூலையில் வளையம் கழன்ற சனிக்கிரகம், நடுவில் மேஸ்திரியின் ஸ்டூல். எங்கே பார்த்தாலும் ஃபைபர் தூள். தின்னர் வாடையைச் சாப்பாட்டு டப்பாவின் மூடிகூடத் தடுக்காது. கழுகின் நகத்துக்கு மெருகு கொடுப்பாள், பாம்பின் செதிலுக்கு ஒவ்வொன்றாக விளிம்பு வரைவாள், முதலையின் பல்லில் காவி ஏற்றுவாள். கை நேர்த்தியான கை. ஆனால் சேர்ந்த நாள் முதல், மேல்மாடியில் எங்கே போக வேண்டியிருந்தாலும் கல்லான எலும்புகள் இருக்கும் கூடம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். ஐந்து பேரின் கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. மேஸ்திரி கவனித்திருந்தார், கேட்டதில்லை.

விடுமுறைக்கு மியூசியத்தை மூடிப் புதுப்பித்தபோது ஒளிய முடியாமல் போயிற்று. ஐந்து பேரையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேய்த்து, அடிப்பூச்சு அடித்து, பழைய நிறத்திலேயே மறுபடி அடிக்க வேண்டும். பள்ளி திறந்ததும் வரிசையாக வகுப்புகள் வரும்.

அன்று சாயங்காலம் விடுமுறைச் சிறப்பு வகுப்பிலிருந்து வந்த மகள் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அம்மா, முதல் வாரமே எங்க கிளாஸைத்தான் உங்க மியூசியத்துக்குக் கூட்டிட்டு வர்றாங்க. மனுஷன் எப்படி வந்தான்னு காட்டப் போறாங்களாம். நீ அடிச்ச பொம்மைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மகளும் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் நிறம். அம்மாவின் வாய்.

மூணு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். "ஏன்மா, வரக்கூடாதா?" என்று கேட்டாள் குழந்தை. "வா, வா" என்றாள்.

மறுநாள் உப்புத்தாளை எடுத்து முதலில் மூன்றாவதைத்தான் தேய்த்தாள். பக்கத்தில் பார்த்தபோது அதன் முகத்தில் தப்பாக ஒன்றும் இல்லை. கல்லைப் பிடித்திருந்த விதத்தில் ஒரு கவனம்கூட இருந்தது. வாய் திறந்திருந்தது ஏதோ சொல்ல வந்ததுபோல. அதன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அந்தக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கைக்கு வந்தது. அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவா, மெதுவா. அவன் உனக்கு என்ன பண்ணான்?" என்றார் மேஸ்திரி.

"மேஸ்திரி, இந்த நிறத்தையெல்லாம் யாரு முடிவு பண்ணது?"

"எந்த நிறத்தை?"

"இதுகளோடதை. கீழ கறுப்பு, மேல வெளுப்புன்னு."

மேஸ்திரி டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். "முடிவா? முடிவெல்லாம் யாரும் பண்ணலையே. நான் அப்ப சின்ன ஆளு, எங்க பெரிய மேஸ்திரிதான் அடிச்சார். கடைசி ஆளுக்கு ஒரு சட்டி நிறையக் கலக்கிட்டோம். அடிச்சு முடிச்சும் பாதிச் சட்டி மிச்சம். கொட்ட மனசு வருமா? உனக்குத் தெரியாததா, வெளுப்புல ரெண்டு சொட்டு கறுப்பு விட்டா சட்டுனு இருண்டுடும். கறுப்புல வெள்ளையைக் கொட்டினா கொட்டிக்கிட்டே இருக்கணும், டப்பா டப்பாவாப் போயிடும். அதனால மேலேருந்து கீழ இறங்கினோம். அஞ்சுக்கு அடிச்சதுல ரெண்டு சொட்டு விட்டு நாலு, இன்னும் ரெண்டு சொட்டு விட்டு மூணு. இப்படியே கடைசியில சட்டியும் காலி, வரிசையும் முடிஞ்சுது. ஒரே சட்டியில அஞ்சு பேர்! அப்ப எங்களை எல்லாரும் பாராட்டினாங்க."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு வாயிலேயே கெட்டுப்போயிற்று.

"மிச்சம் பிடிக்கறதுக்கா?" என்றாள். "பாதிச் சட்டி பெயிண்டை மிச்சம் பிடிச்சதுக்கா எனக்கு இந்தப் பேரு?"

மேஸ்திரி ஸ்டூலில் நெளிந்தார். "உன் பேரு இதுலேருந்தா வந்துச்சு? எனக்கு எப்படித் தெரியும்மா? நான் உன்னை வீட்டுக்கு மூணாவது பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. கெட்ட எண்ணத்தோடு எவனோ ஒருவன் உட்கார்ந்து கறுத்தவர்களைக் கீழே வைப்போம் என்று தீர்மானித்திருந்தால் அவனைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஆளே இல்லை. ஒரு சட்டியும் நாலு சொட்டும் இருந்தன. அதைப் பார்த்து இத்தனை வருஷமாக வந்து போனவர்களில் ஒருவருக்குக்கூட அது விசித்திரமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனசில் இருந்த படிக்கட்டைச் சுவரோரம் பார்த்ததும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதிகாரியிடமே கேட்டுவிடுவது என்று கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். காப்பாட்சியர் என்று பலகை போட்ட அறையில் இருந்தது அவளைவிடச் சின்னவள். வெளிநாட்டில் எலும்பும் பரிணாமமும் படித்துவிட்டு வந்தவள். எப்போதும் மரியாதையாகப் பேசுவாள், பட்டறை ஆட்களையும் அண்ணா அக்கா என்பாள்.

"மேடம், அந்த அஞ்சு பேரோட நிறம் உண்மையா? அப்படித்தான் இருந்தாங்களா?"

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றினாள். "எலும்புலேருந்து தோல் நிறம் தெரியாதுக்கா. அந்தப் பழசுகளுக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனா அஞ்சாவது நிச்சயமா தப்பு. நம்ம இனம் தோன்றி ரொம்ப ரொம்ப காலத்துக்கு எல்லாருமே கறுப்புதான். வெளுப்பெல்லாம் நேத்து வந்தது. அதுவும் சில இடத்துல, வெயில் கம்மிங்கறதுக்காக."

"அப்போ நிறம் தப்பு."

"நிறம் மட்டும் இல்லக்கா, அந்த வரிசையே தப்பு. ஒண்ணு மாறி ஒண்ணு மேல ஏறி வரலை. அது புதர் மாதிரி, பக்கம் பக்கமா கிளைச்சது. மூணாவதா நிக்குதே, அது நம்ம பாட்டன் பூட்டனான்னுகூடச் சந்தேகம்தான். பெரியப்பா வழியா இருக்கலாம். பின்னாடி வந்தது மேலானதுங்கற அர்த்தமே பரிணாமத்துல கிடையாது."

சொல்லிக்கொண்டு போகப் போக அவள் முகம் மலர்ந்தது. பிடித்த பாடம் போலிருக்கிறது. மூணு கேட்டுக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் இதமாக இருந்தது, கூடவே எங்கேயோ நெருடியது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்போ தெரியும் மேடம்?"

"எப்போன்னா?"

"அந்தக் கூடத்தை முதல்ல எப்போ பார்த்தீங்க?"

"வேலைக்குச் சேர்ந்த வாரமே பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு."

"சேர்ந்து ஆறு வருஷமாச்சு."

காப்பாட்சியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "டைரக்டர்கிட்ட ஒரு தடவை சொன்னேன்க்கா. மக்களுக்குப் பழகிப்போச்சுன்னார். நானும் புதுசு. சண்டை போட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

கீழே இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் மூணுவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. தெரியாமல் செய்த மேஸ்திரியின் மேல் வந்தது பாதிக் கோபம்தான். தெரிந்துகொண்டு, சிரித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் மேல் வந்தது முழுக் கோபம். அக்கா என்று கூப்பிடுகிற வாய்தானே அது?

டைரக்டரிடமும் போனாள். அவர் வெளுத்த மனிதர், மென்மையான குரல், மேஜையில் தூசி ஆகாது. முழுதும் கேட்டார்.

"அறிவியலுக்கு உணர்ச்சி கிடையாதும்மா" என்றார். "யாரையும் உயர்த்தவும் இல்ல, தாழ்த்தவும் இல்ல. இயற்கை அப்படித்தான். தகுதியானது தங்கும், மத்தது போயிடும். அதைக் காட்டறோம், அவ்வளவுதான். பரிணாமத்தைப் பார்த்துக் கோபப்படறது மழையைப் பார்த்துக் கோபப்படற மாதிரி."

"தங்கினதுதான் தகுதியானதுன்னா கரப்பான்பூச்சியும் தங்கியிருக்கே சார். நம்மளைவிட ரொம்பப் பழசுன்னு கீழ் மாடியில நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. எங்க பட்டறையில தின்னரைக் குடிச்சுட்டுக்கூட ஓடுது. அதை ஏன் சார் அஞ்சாம் படியில நிக்க வைக்கலை?"

டைரக்டர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவளுக்குத் தெரியும். கையால் பொத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"செத்துப்போனவங்க எல்லாம் தகுதி இல்லாதவங்களா சார்? எங்கப்பாவும் செத்துட்டார்."

"நீங்க மனசுல எதையோ வச்சுக்கிட்டுப் பேசறீங்க. ஜனங்க அந்த வரிசை முன்னால நின்னு படம் எடுத்துக்கத்தான் டிக்கெட் வாங்கறாங்க. பழைய நிறத்துலேயே அடிங்க. உங்க வேலை அடிக்கறது."

வீட்டில் அன்று கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே கேட்டான். "பெயிண்டுக்காகப் போய் வேலையை விட்டுடுவியா? விடு மூணு, சின்னப் பிள்ளைங்க சொல்றதெல்லாம்…"

"அப்படிக் கூப்பிடாதீங்க."

"செல்லமாத்தானே கூப்பிடறேன்?"

"நீங்க செல்லமாக் கூப்பிடறீங்க. அந்தப் பேரு எனக்கு உள்ள போற வழி அந்தக் கூடம் வழியாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தப் படியில ஏறி இறங்கித்தான் உங்களுக்கு 'என்னங்க'ன்னு பதில் சொல்றேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து."

அவன் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. "ஒரு நாள் சொல்லியிருக்கலாமே" என்றான் மெல்ல.

"கேட்டிருக்கலாமே" என்றாள். "இதே மாதிரி ஒரு நாள் உங்க பொண்ணையும் ஒருத்தன் செல்லமாக் கூப்பிடுவான். அப்ப உங்களுக்கு அது நல்லா இருக்கான்னு பாருங்க."

சாப்பிடும்போது அவன் மகளின் தலையை இரண்டு முறை தடவிக்கொடுத்தான். குழந்தை, "என்னப்பா, கையில கிரீஸ்" என்று தட்டிவிட்டாள்.

மறுநாள் அவள் செய்ய நினைத்தது நல்ல காரியம் அல்ல. ஐந்து பேரும் சாம்பல் நிற அடிப்பூச்சில், ஒருவருக்கொருவர் சம்பந்தம் உள்ளவர்கள்போல் நின்றார்கள். அவள் சட்டியில் வெள்ளையை ஊற்றினாள். கொஞ்சம் மஞ்சள், ஊசிமுனை அளவு சிவப்பு. கலக்கிக் கலக்கிக் கையின் மேல் தடவிப் பார்த்தாள். பிறகு மூன்றாவதன் கன்னத்தில் பூச ஆரம்பித்தாள்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இது எங்கேயோ பார்த்த கலரா இருக்கே…" என்று இழுத்தவர் திடீரென்று தொடையைத் தட்டினார். "அடி ஆத்தி! டைரக்டர் சார்! அச்சு அசல்! காதோரம் அந்தச் செம்மைகூட விடலையே நீ!"

அவளும் சிரித்தாள். நெற்றி, மூக்கு, கழுத்து என்று கை பறந்தது. பல வருஷத்து எரிச்சல் பிரஷ் வழியாக இறங்குவது சுகமாகத்தான் இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்று, யாரப்பா இந்த மூணாவது என்று விரல் நீட்டுவதைக் கற்பனை செய்தாள்.

கற்பனையில் நீண்ட விரல் டைரக்டரை நோக்கிப் போகவில்லை. அவர் அந்தக் கூட்டத்தில் எதற்கு நிற்கப்போகிறார்? விரல் போய் நின்றது மேல்வீட்டுப் பையன் மேல். மகளோடு ஒரே வகுப்பு, ஒரே நேரத்துக்குப் பள்ளிக்குப் போகிறவன். வெயில் பட்டால் சிவந்துபோகிற தோல். இப்போதே அவனைச் சுண்ணாம்பு என்று கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஆன்ட்டி, உள்ள வரலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் வருவான்.

பிரஷை இறக்கினாள்.

"என்ன ஆச்சு? காது பாக்கி" என்றார் மேஸ்திரி.

துணியைத் தின்னரில் முக்கி அந்த முகத்தைத் துடைத்தாள். "நிறத்தை மாத்தினா பத்தாது மேஸ்திரி. படின்னு ஒண்ணு இருந்தா கீழ நிக்க யாராவது ஒருத்தர் வேணும். நான் இறங்கினா இன்னொரு பிள்ளையை ஏத்தி நிக்க வைக்கணும். படியைக் கழட்டணும்."

"எதை?"

"படியை."

"பெரிய மேஸ்திரி போட்ட போல்ட்டு அது!" என்றார் அவர். ஏதோ பரம்பரைச் சொத்தைக் கேட்டதுபோல் இருந்தது அந்தக் குரல். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, ரம்பப் பிளேடைத் தேடி எடுத்துக்கொண்டு மாடிக்கு அவளுக்கு முன்னால் போனார்.

படி என்பது உண்மையில் ஐந்து மரப்பெட்டிகள், உயரம் கூடிக்கொண்டே போகும். பக்கத்தோடு பக்கம் போல்ட்டால் முடுக்கியிருந்தது. எல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. ஸ்பேனர் வழுக்கியது. மேஸ்திரி ஒவ்வொன்றாக அறுத்தார். அறுக்கும்போது, "மன்னிச்சுக்குங்க குருவே" என்று ஒரு தடவை முணுமுணுத்தார். அடுத்த போல்ட்டில், "இதையும்" என்றார். பெட்டிகளை வெளியே தள்ளினார்கள். ஐந்து பேரையும் பட்டறையிலிருந்து மேலே கொண்டுவந்து தரையிலேயே, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறாற்போல் அங்கங்கே நிறுத்தினார்கள். கல் பிடித்தவன் ஈட்டிக்காரனைப் பார்த்தான். தூரத்து நல்ல செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது எதிரில் சுவர்தான் இருந்தது. பிறகு அவள் ஒரு சட்டி நிறையப் பழுப்பைக் கலக்கி, ஒரு சொட்டும் கூட்டாமல், ஒரு சொட்டும் குறைக்காமல், ஐந்து பேருக்கும் அதையே அடித்தாள்.

பள்ளி வரும் நாள் காலையில்தான் டைரக்டர் கூடத்தைப் பார்த்தார். அந்த மென்மையான குரல் அன்று கொஞ்சம் உடைந்தது.

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? யாரு ஐயா இதுக்குப் பொறுப்பு?"

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"போல்ட்டை அறுத்தது நானு" என்றார் மேஸ்திரி, தன்னை விட்டுவிட்டார்களே என்பதுபோல.

"இப்பவே பழையபடி வையுங்க."

"பழையபடி வைக்கணும்னா புதுசாத் துளை போடணும் சார். ஆள் வரணும். வாசல்ல பிள்ளைங்க வந்து இறங்கியாச்சு" என்றார் மேஸ்திரி.

டைரக்டர் கூடவே வந்திருந்த காப்பாட்சியர் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா? படிச்சவங்கதானே?"

காப்பாட்சியர் தரையைப் பார்த்தாள். "இது சரிதான் சார். இப்ப இருக்கறதுதான் சரி" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"சரியா தப்பான்னு நான் கேக்கவே இல்லையே. பழையபடி இருக்கணும்னு சொல்றேன். நாளைக்கே துளை போட ஆள் வருவான். உங்க ரெண்டு பேரையும் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

சரியா தப்பா என்று கேட்கவில்லையாம்! சுவர் முழுக்க அறிவியல், அறிவியல் என்று எழுதிவைத்திருக்கும் கட்டடத்தில். அவள் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் ஏறி வந்துவிட்டார்கள்.

மகள் முன்வரிசையில் வந்தாள். அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். பக்கத்தில் மேல்வீட்டுப் பையன், சுண்ணாம்பு. பிள்ளைகள் வாசலில் ஒரு நொடி நின்று, பிறகு பொம்மைகளுக்கு நடுவே புகுந்தார்கள். ஒருவன் ஈட்டிமுனையைத் தொட்டான், ஒருத்தி குந்தியிருந்ததன் எதிரே தானும் குந்தினாள். மகள் கல்லைப் பிடித்திருந்த கையை வெகுநேரம் பார்த்தாள். யார் எவரைப் போல் இருக்கிறார் என்று சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

வகுப்பு ஆசிரியர்தான் தவித்தார். கையில் கேமரா. "வரிசையா நில்லுங்க, வரிசையா! சார், இதுல எது முதல், எது கடைசி? எண்ணே போடலையே! ஆளுக்கு ஒண்ணு பக்கத்துல நிக்க வைக்கலாம்னு பார்த்தேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அதே வாக்கியம்.

டைரக்டர் காப்பாட்சியரைப் பார்த்துத் தலையசைத்தார். "சொல்லுங்கம்மா. எது முதல், எது கடைசின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

காப்பாட்சியர் முன்னால் வந்தாள். டைரக்டரைப் பார்த்தாள், அவர் காத்திருந்தார். தொண்டையைச் செருமினாள். மகள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"முதல் கடைசின்னு எதுவும் இல்ல" என்றாள். "இது வரிசை இல்ல பிள்ளைங்களா. இங்க முன்னாடி ஒரு வரிசை இருந்துச்சு. அது தப்பு. இதுல யாரும் யாரையும்விட மேல இல்ல. நாம கடைசிப் படியும் இல்ல. இவங்க எல்லாரும் ஒரு பெரிய குடும்பம். அதுல நிறைய பேர் இப்ப இல்ல, அவ்வளவுதான்."

"அப்போ எங்க வேணாலும் நிக்கலாமா?" என்று கேட்டான் சுண்ணாம்பு.

"எங்க வேணாலும் நில்லு."

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள், ஆசிரியர் எப்படியோ ஒரு படம் எடுத்தார். வகுப்பு அடுத்த கூடத்துக்குப் போயிற்று.

காப்பாட்சியர் அவளிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது, கண்ணில் ஒரு பளபளப்பு. கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறவள்போல் இருந்தாள். "சொல்லிட்டேன்க்கா" என்றாள். "கேட்டீங்களா?"

மூணுவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது, வரவில்லை. என்ன செலவாகிவிட்டது இவளுக்கு? நாலு வாக்கியம். இந்த நாலு வாக்கியத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஆறு வருஷம் இந்தக் கதவு வழியாகத்தானே வந்து போனாள். அந்த ஆறு வருஷமும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் கேமராவோடு வந்திருக்கிறார்கள். மூன்றாம் படியில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

"கேட்டேன் மேடம். நல்லாத்தான் சொன்னீங்க. எனக்கு முன்னாடியே கேக்கணும்போல இருந்துச்சு."

"இப்பவாவது சொன்னேனே அக்கா."

"இப்பவாவதுங்கறது இன்னிக்கு வந்த பிள்ளைங்களுக்கு. போன வருஷம் வந்ததுக்கு யாரு சொல்லப் போறா? அதுங்க இதே மாதிரி ஒரு பேரோட வீட்டுக்குப் போயிருக்கும்."

காப்பாட்சியரின் கை பாதியில் நின்றது. மூணு அவளைத் தாண்டிப் போய், பிள்ளைகள் இடித்ததில் சாய்ந்திருந்த ஈட்டியை நேராக்கினாள்.

"நாளைக்குத் துளை போட ஆள் வர்றான் மேடம்" என்றாள், திரும்பாமலே. "டைரக்டர் சாரும் நிப்பார். நானும் இங்கதான் நிப்பேன், வேலை இருந்தாலும் இல்லாட்டியும். நீங்களும் வாங்க. இன்னிக்குப் பிள்ளைங்ககிட்ட சொன்ன அதே சத்தத்துல அவங்ககிட்டயும் சொல்லுங்க."